ஏழாம் அறையின் பச்சை விளக்கு

அத்தியாயம் 9

"போதும் பாஸ். அது டீக்கறை. ரத்தக்கறை இல்லை" என்றான் ஸ்டாவ்.

மெரில் தோர்ன் அப்போதுதான் கவனித்தாள். கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு அதை அவனிடம் நீட்டினாள்.

பெல்பேர்ட் ஆப்பிள் கூட்டுறவின் டீ அறையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. இடைவேளைக்கு வந்திருந்த கூட்டம் மெரிலைக் கண்டதும் கோப்பைகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டது. நேற்று வரை நாற்காலி இழுத்துப் போட்டு பிஸ்கட் நீட்டிய அதே ஆட்கள்தான்.

"நம்ம மேல ரொம்பப் பாசமா இருக்காங்க" என்றான் ஸ்டாவ். "அந்தப் பெரியவர் என் காலடியில காறித் துப்பினதுகூட ஆசீர்வாதம்னுதான் எடுத்துக்கிட்டேன்."

"வாயை மூடிட்டுத் துடை."

"வாயால துடைக்கல பாஸ்."

மெரில் சிரிக்கவில்லை. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யர்களைப் பிடித்தவள் அவள். பிறகு ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்து, கிரேக்கக் கடைக்காரர் ஒருவரின் மகனான ஸ்டாவை உதவிக்கு வைத்துக்கொண்டாள். வழக்கு முடிந்த மறுநாள் அவள் போர்வையை விட்டு எழ மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். இந்த வழக்கு நேற்றே முடிந்துவிட்டது. இன்று அவள்தான் அவனை எழுப்பி, காரில் ஏற்றி, ஹுவான் பள்ளத்தாக்குக்குத் திரும்ப ஓட்டி வந்திருந்தாள்.

முடிந்துபோன வழக்கு இதுதான்.

பெல்பேர்டின் ஆப்பிள்கள் இலையுதிர் காலத்தில் பறிக்கப்பட்டு வசந்தம் வரை குளிர் அறைகளில் கிடக்கும். அறையை அடைத்து, உள்ளே இருக்கும் பிராணவாயுவை ஏறக்குறைய முழுசாக வெளியேற்றிவிடுவார்கள். பழம் அழுகாமல் தூங்கும். தெரியாமல் உள்ளே போகும் மனிதனும் இரண்டு மூச்சில் தூங்கிவிடுவான். ஆனால் எழுந்திருக்க மாட்டான். அதனால்தான் ஒவ்வொரு கதவுக்கு மேலும் ஒரு விளக்கு. சிவப்பு என்றால் தொடாதே. பச்சை என்றால் காற்று நிறைந்துவிட்டது, உள்ளே போகலாம்.

போன வாரம் ஏழாம் அறையின் விளக்கு பச்சையாக எரிந்தது. கிடங்கு மேற்பார்வையாளர் ஆர்ச்சி லவெல் அதை நம்பி உள்ளே போனார். அங்கேயே விழுந்தார். ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு படம். பழம் பிரிக்கும் கொட்டகைச் சுவரில், ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும் தொடுதிரையில் அது இருக்கிறது. படம் முழுக்கப் பெட்டிகள். பெட்டிக்குப் பெட்டி நூல் மாதிரிக் கோடுகள். 'காற்றை அள', 'மின்விசிறியைப் போடு', 'விளக்கை மாற்று' என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வேலை. விரலால் ஒரு பெட்டியை இழுத்து வைத்து நூலை மாட்டினால் போதும். இயந்திரம் அதன்படி நடக்கும். கம்ப்யூட்டர் படித்தவர் யாரும் தேவையில்லை. தொழிலாளிகளே தங்களுக்குத் தெரிந்த வேலையைத் தாங்களே வரைந்து, தாங்களே திருத்திக்கொண்டார்கள். கூட்டுறவு மேனேஜர் டெல்மா லவெல் அந்தக் கருவிக்காகக் கமிட்டியோடு ஒற்றை ஆளாகச் சண்டை போட்டவள். ஆர்ச்சியின் மனைவியும் அவள்தான்.

"எவனோ படத்துல கை வச்சிருக்கான். கண்டுபிடிங்க" என்று மெரிலை அழைத்தவளும் அவள்தான்.

படத்தில் எந்த விதியை, அதாவது பெட்டியின் வேலையையோ நூலையோ, யார் மாற்றினாலும் கருவி பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளும். கடைசியாக இருந்த பெயர் ஜோயல் நாலாவ். வனுவாட்டுத் தீவுகளிலிருந்து பருவ வேலைக்கு வந்தவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக விடவில்லை என்று ஆர்ச்சியோடு சத்தம் போட்டிருக்கிறான். விபத்தன்று மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்து ஆர்ச்சியை இழுத்து வந்தவனும் அவனே. பெயர், சண்டை, முதலில் ஓடி வந்த ஆள் எல்லாவற்றையும் மெரில் ஒன்றாகக் கட்டினாள். கை வைத்தவனே பயந்துபோய் இழுத்து வந்திருக்கிறான் என்றாள். நாலாவ் மாற்றியது நாலாம் அறையின் மின்விசிறியைத்தானே, ஏழாம் அறைக்கு அதில் என்ன சம்பந்தம் என்று போலீஸ்காரர் இழுத்தார். மெரில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போலீஸ் கைது செய்ய மறுத்தது. டெல்மா அவனை வேலையை விட்டு நிறுத்தினாள். மத்தியான பஸ்ஸில் அவன் விமான நிலையத்துக்குப் போகிறான்.

அந்தப் போலீஸ்காரரின் கேள்விதான் மெரிலைத் தூங்க விடவில்லை.

"இவங்களுக்குப் படப் பைத்தியம் முத்திப் போச்சு பாஸ்" என்றபடி ஸ்டாவ் ஈரத் துண்டைக் காயப்போட விரித்தான். "மத்தவங்க பாத்திரம் துடைக்கற துண்டுல பென்குயின் போடுவாங்க. இவங்க விளக்கு, விசிறி, பெட்டின்னு போட்டிருக்காங்க. சுத்திலும் எல்லார் கையெழுத்தும் வேற."

மெரில் திரும்பினாள். படத்தை முதன்முதலில் வரைந்து முடித்த பெருமையில், ஊர்ப் பள்ளிக்கூட நிதிக்காக அச்சடித்து விற்ற துண்டு அது. கோணல்மாணலாகப் பெட்டிகள் இறைந்து கிடந்தன.

"விளக்குப் பெட்டி எங்கே இருக்கு?"

"இதோ. அடியில, ஓரமா, குடிச்சவன் மாதிரி சாய்ஞ்சு நிக்குது."

"சுவர்ல இருக்கற படத்துல?"

ஸ்டாவ் யோசிப்பதற்குள் துண்டு அவன் கையில் இல்லை. மெரிலும் அறையில் இல்லை.

கொட்டகையில் பழம் தரம் பிரிக்கும் கன்வேயர் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. வேலை செய்தவர்கள் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு முதுகைக் காட்டினார்கள். மெரில் துண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஸ்டாவ் ஒவ்வொரு நூலாகத் தொட்டுப் பெயர் சொன்னான். அவள் துண்டில் சரிபார்த்தாள்.

"நாலாவ் மாத்தின விசிறி நேரத்தைத் தவிர, அதே பெட்டி, அதே நூல்" என்றான் கடைசியில். "இடம் மட்டும்தான் வேற. துண்டுல சந்தைக்கடை, இங்க ராணுவ அணிவகுப்பு. யாரோ வீட்டுல சோபாவை நகர்த்தின மாதிரி நகர்த்தியிருக்காங்க. சோபாவை நகர்த்தினா ஒருத்தர் மயங்கி விழுவாரா பாஸ்?"

"திரும்ப நகர்த்து. துண்டுல இருக்கற மாதிரியே வை."

விபத்துக்குப் பிறகு அதிகாரிகள் படத்துக்கும் கதவுகளுக்கும் உள்ள இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். ஆனால் சோதனைப் பொத்தான் வேலை செய்தது. அன்றைக்கு அறைகளில் இருந்த அளவுகளையே கொடுத்துப் படத்தை ஓட்டிப் பார்க்கலாம். முதலில், இப்போது இருந்தபடியே ஓட்டினார்கள். திரையில் ஏழாம் அறை பச்சை காட்டியது. ஸ்டாவ் வரிசையில் நின்ற பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் துண்டில் இருந்தபடி கோணலாக்கிவிட்டு மறுபடி அழுத்தினான்.

சிவப்பு.

"கடவுளே" என்றான். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

மெரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இரண்டே பெட்டிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். 'தொடங்கு' என்ற பெட்டியிலிருந்து இரண்டு நூல்கள் கிளம்பின. ஒன்று 'காற்றை அள'வுக்கு. இன்னொன்று 'விளக்கை மாற்று'வுக்கு. அளவுப் பெட்டி மேலே இருந்தால் சிவப்பு. விளக்குப் பெட்டி மேலே இருந்தால் பச்சை.

"மேலே இருக்கற பெட்டி முதல்ல ஓடுது" என்றாள். "விளக்கு மேலே போயிட்டா, புது அளவு வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுது. கையில இருக்கற பழைய அளவை வச்சு."

"பழைய அளவு யாரோடது?"

"ஏழுக்கு முன்னாடி அளந்த ஆறாம் அறையோடது. அதைத் திறந்து காத்தாட விட்டிருந்தாங்க. அந்த நல்ல காத்தைப் பார்த்துட்டு ஏழாம் அறைக்குப் பச்சை காட்டியிருக்கு."

"அப்ப எவனும் விதியை மாத்தவே இல்லை. சோபாவை நகர்த்தினவன் பேரை எந்தக் கருவி ஞாபகம் வச்சுக்கும்?" ஸ்டாவ் தலையைச் சொறிந்தான். "கையெழுத்து இல்லாத குற்றம் பாஸ்."

"கையெழுத்து இருக்கு. பழையபடி வை, காட்டறேன்."

அவன் பெட்டிகளை மறுபடி அணிவகுப்பாக்கினான். மெரில் பின்னால் நகர்ந்து நின்றாள்.

"மேல் பாதியைப் பார். அங்க இருக்கற பெட்டிங்க நேரா இருக்கா?"

ஸ்டாவ் பார்த்தான். இல்லை. திரையின் மேல் பகுதியில் பெட்டிகள் துண்டில் இருந்ததுபோலவே தாறுமாறாகக் கிடந்தன. ஒரு உயரத்துக்குக் கீழேதான் எல்லாம் நூல் பிடித்த மாதிரி வரிசை. குறுக்கே கோடு கிழித்தது போலச் சுத்தம் அங்கே நின்றுபோயிருந்தது. அந்தக் கோட்டை ஒட்டி, வரிசையின் உச்சியில், விளக்குப் பெட்டி.

"பாதியில சலிச்சுப் போச்சா?"

"இவ்வளவு ஒழுங்கு பார்க்கற ஆளுக்குச் சலிக்காது. எட்டல."

ஸ்டாவ் திரையோடு ஒட்டி நின்று கையை உயர்த்தினான். அவனே பெரிய உயரமில்லை. ஆனாலும் அவன் விரல் அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே போய்த் தொட்டது.

"என்னைவிடக் குள்ளமா ஒரு ஆள்! எங்கம்மா கேட்டா சந்தோஷப்படுவாங்க." சொல்லிவிட்டு அவன் முகம் மாறியது. "பாஸ்... நாலாவ் வாசல்ல குனிஞ்சுதான் வருவான்."

"தெரியும்."

"அவன் நகர்த்தியிருந்தா உச்சி வரைக்கும் நேராக்கியிருப்பான்."

"தெரியும்னு சொன்னேன்ல."

நேற்று இதே திரைக்கு முன்னால் மெரில் நாலாவை நிறுத்தி வைத்துத்தான் கேள்வி கேட்டாள். அவன் தலை அந்தக் கோட்டுக்கு அருகில் இருந்தது. கை தூக்கிக் காட்டச் சொல்லக்கூடத் தேவையில்லை. நிமிர்ந்து பார்த்திருந்தாலே போதும். அவள் நிமிரவில்லை. பெயர் கிடைத்துவிட்டது, பெயரோடு நிறுத்திக்கொண்டாள். ஒருவனுடைய வேலையையும் மானத்தையும் அதோடு முடித்தாள்.

"சரி, குள்ளமா, ஒழுங்குப் பைத்தியமா, படத்துல கை வைக்கற தைரியத்தோட இங்க யாரு..." ஸ்டாவ் விரல் விட்டு எண்ண ஆரம்பித்து முதல் விரலிலேயே நின்றான். மெரிலைப் பார்த்தான். "வேணாம் பாஸ். அது மட்டும் வேணாம்."

கூட்டத்தில் பேசுவதற்கு ஆப்பிள் பெட்டி மேல் ஏறி நிற்கும் ஒரே ஆள் அந்தக் கூட்டுறவில் ஒருத்திதான். நேற்று மெரில் எதிரே உட்கார்ந்து பேசும்போதுகூட அவள் விரல்கள் மெரிலின் பேனாவையும் பைலையும் மேஜை விளிம்புக்கு நேராக்கிக்கொண்டே இருந்தன.

"துண்டுல இருக்கற மாதிரி கோணலா வை" என்றாள் மெரில். "சிவப்பு வருதான்னு பார்த்துட்டு விட்டுடு. அப்புறம் போய் டெல்மாவைக் கூட்டிட்டு வா."

"பொறி வைக்கறீங்க."

"ஆமா."

"புருஷன் ஆஸ்பத்திரியில கிடக்கற பொம்பளைக்கு."

"நான் நினைக்கறது தப்பா இருந்தா எனக்குத்தான் முதல் சந்தோஷம். போடா."

டெல்மா லவெல் விறுவிறுவென்று வந்தாள். ஸ்டாவின் தோள் உயரம்தான். ஆனால் கொட்டகையின் அந்தக் கோடி வரை குரல் போகும். கண்கள் வீங்கியிருந்தன.

"என்ன மெரில், இன்னும் இங்கேயே இருக்கீங்க? நான் ஆர்ச்சியைப் பார்க்கக் கிளம்பிட்டிருக்கேன். டாக்டர் இன்னைக்கு மயக்க மருந்தைக் குறைச்சுப் பார்க்கறேன்னு சொல்லியிருக்கார். கூப்பிட்டா விரல் அசையுதாம்." மூச்சு வாங்கினாள். "அந்தப் பையனைப் போலீஸ் எப்போ பிடிக்கும்? பஸ் ஏறிட்டா அவ்வளவுதான், தீவுக்குப் போய் உட்கார்ந்துப்பான். என் புருஷன் முகத்தை நினைச்சுப் பாருங்க. எப்பவும் அந்த விளக்கைத்தான் நம்புவார். 'நம்ம ஆளுங்க வரைஞ்ச விளக்கு, டெல்மா'ன்னு..."

பேசிக்கொண்டே அவள் கை திரைக்குப் போனது. சாய்ந்து நின்ற ஒரு பெட்டியை நேராக்கியது. பக்கத்துப் பெட்டியைத் தள்ளி அதற்குச் சமமாக வைத்தது. கண் மெரில் மேலேயே இருந்தது. அடியில் ஓரமாகக் கிடந்த விளக்குப் பெட்டி அவள் விரலில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறி, கை எட்டிய உயரத்தில், வரிசையின் தலையில் போய் உட்கார்ந்தது.

ஸ்டாவ் தரையைப் பார்த்தான்.

"டெல்மா" என்றாள் மெரில். "அந்தச் சோதனைப் பொத்தானை ஒரு தடவை அழுத்துங்க."

"எதுக்கு?"

"அழுத்துங்களேன்."

அழுத்தினாள். பச்சை.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி இது சிவப்பு காட்டிச்சு. இப்ப என்ன பண்ணீங்க?"

"நானா? நான் ஒண்ணும் பண்ணலையே. நேராத்தானே வச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் தன் விரலைப் பார்த்தாள். பிறகு விளக்குப் பெட்டியை. மெரில் மெதுவாக, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள்: மேலே இருப்பது முதலில் ஓடும் என்பதை, ஆறாம் அறையின் காற்றை, திரையின் குறுக்கே இருந்த அந்த உயரத்தை. மெரில் பேசப் பேச டெல்மா இன்னும் குள்ளமாகிக்கொண்டே போனதுபோல இருந்தது.

"ஆப்பிள் தோட்டம் வச்சிருக்கறவங்க கூட்டத்துக்கு முந்தின நாள்" என்றாள் கடைசியில். "வெளியூர்லேர்ந்து படத்தைப் பார்க்க வர்றாங்கன்னாங்க. குப்பை மாதிரி இருக்கேன்னு... பார்க்க அழகா இருக்கட்டும்னுதான்... மறுநாள் காலையில ஆர்ச்சி..." திரும்பினாள். "இது வேற யாருக்குத் தெரியும்?"

"எங்க ரெண்டு பேருக்கு" என்றான் ஸ்டாவ்.

"ரிப்போர்ட்டுல தப்பைக் கருவி செஞ்சவங்க மேல எழுதுங்க மெரில். பெட்டியை நகர்த்தினா ஆள் சாவான்னு எங்களுக்கு எவன் சொன்னான்? யார் வேணும்னாலும் மாத்தலாம், பயப்படாம மாத்துங்கன்னுதானே சொன்னாங்க!"

"அதையும் எழுதுவேன். பெரிய பங்கு அவங்களோடதுதான். நீங்க கெட்ட எண்ணத்தோட செய்யலைன்னும் எழுதுவேன்." மெரில் நிறுத்தினாள். "ஆனா நாலாவ் மூட்டை கட்டிக்கிட்டிருக்கான். அவன் மேல பழி போட்டதுல கருவிக்குப் பங்கு கிடையாது. நீங்க கேட்டீங்க, நான் கொடுத்தேன்."

டெல்மா கோட்டுப் பையிலிருந்து கார் சாவியை எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடப் போகிறாள் என்று மெரில் நினைத்தாள். சாவியைக் கையில் இறுக்கியபடியே அவள் பின்வாசல் பக்கம், தொழிலாளர் குடியிருப்பை நோக்கி நடந்தாள்.

நாலாவ் வெளியே மரப் பெஞ்சில் உட்கார்ந்து பைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மூன்று பேர் வருவதைப் பார்த்து எழுந்தான். டெல்மா அவன் முகத்தைப் பார்க்க நன்றாக அண்ணாந்து நிற்க வேண்டியிருந்தது.

"நான்தான்" என்றாள். "படத்தை நகர்த்தினது நான். அதாலதான் பச்சை எரிஞ்சுது. நீ அவரைத் தூக்கிட்டு வந்தே. நான் உன்னைத் துரத்தினேன்."

நாலாவ் கயிற்றை விடவில்லை. "ஆர்ச்சி எப்படி இருக்கார்?"

"விரல் அசையுதாம்."

"அவருக்குத் தெரியுமா, மிஸ் டெல்மா?"

"இன்னும் கண்ணே திறக்கல."

"திறந்ததும் நீங்களே சொல்லிடுங்க. வேற ஆளு வாயால கேட்டா தாங்க மாட்டார்."

டெல்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். வேலை அப்படியே இருக்கிறது, போகாதே என்றாள். அவன் மெரில் பக்கம் திரும்பினான்.

காரில் வரும்போதே அவள் மனசுக்குள் கோர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "உன் பேரைப் பார்த்தேன். அதுக்கப்புறம் பார்க்கறதை நிறுத்திட்டேன்" என்றாள். "மன்னிச்சிடு."

"நேத்தே ஊருக்குச் செய்தி போயிடுச்சு" என்றான் நாலாவ். கோபமே இல்லாத குரல். அதுதான் மெரிலுக்கு அதிகம் வலித்தது. "ஜோயல் ஆஸ்திரேலியாவுல ஒருத்தரைக் கொல்லப் பார்த்தான்னு. என் பெரியப்பா சர்ச்சுல எழுந்து நின்னு எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டிருக்கார். நான் போய் 'நான் இல்லை'ன்னு சொன்னா எவன் நம்புவான்? எல்லாத் திருடனும் அதைத்தான் சொல்வான்." போனை எடுத்து எண்களை அழுத்தினான். "நீங்க சொல்லுங்க. நான் எங்க மொழியில மாத்திச் சொல்றேன்."

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். நாலாவ் ஏதோ சொன்னான். கோழிச் சத்தம், பிள்ளைகள் சத்தம், பிறகு ஆட்கள் கூடும் சலசலப்பு. அவன் போனை மெரிலின் வாய்க்கு நேரே நீட்டினான்.

அவள் தன் பெயரைச் சொன்னாள். அவன் மாற்றிச் சொன்னான். விளக்கைப் பற்றிச் சொன்னாள். மாற்றிச் சொன்னான். ஆர்ச்சியை உயிரோடு வெளியே கொண்டுவந்தது ஜோயல் என்றாள். அதை மட்டும் அவன் கொஞ்சம் தயங்கி, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"ஜோயல் மேல தப்பே இல்லை. அவன்தான்னு சொன்னது நான். தப்பு என்னோடது."

மறுமுனையில் ஒரு கிழக்குரல் என்னவோ கேட்டது. நாலாவ் மெரிலைப் பார்த்தான்.

"பெரியப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். லைனும் சரியில்லையாம். மறுபடி சொல்லச் சொல்றார். சத்தமா."

குடியிருப்பு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கொட்டகையின் பின்வாசலில் பழம் பிரிப்பவர்கள் வந்து கூடினார்கள். காலையில் துப்பிய பெரியவரும் அவர்களில் நின்றார். ஸ்டாவ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

மெரில் தோர்ன் மூச்சை இழுத்துக்கொண்டு, முற்றம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"தப்பு என்னோடது!"

"இன்னும் கொஞ்சம்" என்றான் நாலாவ்.